பச்சோந்தி வளரும் வீட்டில் நோயாளி இருந்தால்

“வீட்டில் விலங்கு ஏதேனும் வளர்க்கிறீர்களா?” என்று மருத்துவர் வினவும்போது, நாய், பூனை, ஆடு, மாடு, கோழி ஆகியவற்றை மட்டும் மனத்தில் கொண்டு விடையளிப்பதே வழக்கமாக இருக்கிறது. மகனுடைய அறையில் வலைக்கூண்டுக்குள் கிளையைப் பற்றியபடி அசையாது அமர்ந்திருக்கும் பச்சோந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. அது குரைப்பதில்லை, மயிர் உதிர்ப்பதில்லை, நஞ்சும் அதற்குக் கிடையாது. ஆயினும், உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவர் வாழும் வீட்டில், நாயைவிடவும் பூனையைவிடவும் கூடுதல் கவனத்துக்குரிய உயிர் அதுவே. அதை இனப்பெருக்கம் செய்ய வைத்து, முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்ப்பவர் அவ்வீட்டில் இருப்பாராயின், இக்கட்டுரையை முழுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். நம் புதர்க்காடுகளில் வாழும் இந்தியப் பச்சோந்தி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். வேலியோரத்தில் கண்டெடுத்த பச்சோந்தியைக் குழந்தைகள் வீட்டுக்குக் கொண்டுவந்தால், கண்டெடுத்த இடத்திலேயே விட்டுவிடச் செய்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்யுங்கள். உலகெங்கும் செல்லப்பிராணியாகப் பெரிதும் வளர்க்கப்படுவது, ஏமன் நாட்டையும் சவூதி அரேபியாவையும் தாயகமாகக் கொண்ட, தலையில் உயர்ந்த கொண்டையுடைய ஏமன் பச்சோந்தி. இத்தகைய அயல்நாட்டு உயிர்களை நம் நாட்டில் வைத்திருப்போர், 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின், அவற்றின் இருப்பையும் பிறப்பையும் கைமாற்றத்தையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உறவினர் உள்ள குடும்பங்களுக்கும் இச்செய்தி பயன்படும். அங்கே இவ்வுயிரை வீட்டிலேயே இனம் பெருக்குவோர் பலர்.

ஏமன் பச்சோந்தியின் இனப்பெருக்கத்தை அறிந்துகொண்டால்தான், நோய்த்தொற்று எங்கெங்கே நுழைய இடமுண்டு என்பது விளங்கும். இணைசேர்ந்த ஏறத்தாழ ஒரு மாதத்தில் பெண் பச்சோந்தி உணவை வெறுத்து, கூண்டின் தரையில் இறங்கி அலையத் தொடங்கும். அதற்கென ஈரமணல் நிரம்பிய ஆழமான தொட்டி ஒன்றை வைக்க வேண்டும். அது தன் உடல் மறையுமளவுக்குச் சுரங்கம் தோண்டி, ஒரே முறையில் 20 முதல் 70 முட்டைகள் வரை இட்டு, மண்ணால் மூடிவிடும். வளர்ப்பவர் அம்மண்ணைக் கையால் அகழ்ந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரப்பதம் காக்கும் பொருள் பரப்பிய பெட்டிகளில் புரட்டாமல் வைப்பார். 26 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவை பொரிவதற்கு ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். ஆண் துணையின்றியே பெண் பச்சோந்தி கருவற்ற முட்டைகளை இடுவதும் உண்டு. ஆகவே, “ஒன்றுதானே வளர்க்கிறோம், முட்டைக்கு இடமேது?” என்று இருந்துவிட இயலாது. முட்டையிடத் தகுந்த மண் கிடைக்காத பெண், முட்டைகள் வயிற்றிலேயே தங்கி இறந்துபோகவும் கூடும்.

குஞ்சுகள் வெளிவந்த பின்னரே உண்மையான உழைப்பு தொடங்குகிறது. ஒன்றையொன்று கண்டாலே நலிவுறும் இயல்புடையவை ஆதலால், சில வாரங்களில் அவற்றைத் தனித்தனிக் கூண்டுகளுக்கு மாற்ற வேண்டும். நாளுக்குப் பலமுறை பழ ஈக்களையும் சின்னஞ்சிறு சுவர்க்கோழிகளையும் சுண்ணாம்புச்சத்துத் தூள் தூவி அளிக்க வேண்டும். பச்சோந்தி கிண்ணத்தில் நீர் அருந்தாது. இலையில் தங்கிய துளிகளையே நக்கிக் குடிக்கும். ஆகவே காலையும் மாலையும் கூண்டெங்கும் நீர் தெளிக்க வேண்டும். தெளித்த நீர் இலைகளின் மேலும் கிளைகளின் மேலும் படிந்த எச்சத்தைக் கரைத்துக்கொண்டு கீழே வடிகிறது. தரையை ஒற்றியெடுக்கும் துணியிலும், தட்டை வெளியே எடுத்துக் கொட்டும் கையிலும், அதைக் கழுவும் தொட்டியிலும் அந்த நீரே படிகிறது. ஒரே ஒரு பச்சோந்தியை வளர்ப்பவர் நாளுக்கு ஓரிருமுறை கூண்டுக்குள் கைவிடுகிறார் என்றால், முப்பது குஞ்சுகளை வளர்ப்பவர் நாள் முழுதும் அதையே செய்கிறார்.

அந்த எச்சத்தில் இருக்கக்கூடியது சால்மோனெல்லா எனும் நுண்ணுயிரி. பல்லி, ஓணான், ஆமை, பாம்பு, பச்சோந்தி முதலிய ஊர்வனவற்றின் குடலில் இது இயல்பாகவே வாழ்கிறது. அவற்றுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. நலமாகத் தோன்றும் விலங்கு என்பதால் கிருமியற்றது என்று பொருளன்று. எச்சத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டால் போதாதா என வினவலாம். ஊர்வன இக்கிருமியை எல்லா நாளும் வெளியேற்றுவதில்லை, விட்டுவிட்டு வெளியேற்றும். இன்று “இல்லை” என வந்த முடிவு நாளைக்குச் செல்லாது. இடமாற்றம், கூட்டநெரிசல், முட்டையிடும் களைப்பு போன்ற நெருக்கடிகள் கிருமி வெளியேற்றத்தை மிகுதிப்படுத்தக் கூடும். விலங்குக்கு ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்து இதை ஒழிக்கவும் முடியாது. அமெரிக்க ஆமைப் பண்ணைகளில் முட்டைகளையே ஆன்டிபயாடிக் மருந்தில் நனைத்துப் பார்த்தனர். மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா வகைகள் தோன்றியதே அதன் விளைவாயிற்று.

டைபாய்டு காய்ச்சலை உண்டாக்குவதும் சால்மோனெல்லா இனத்தைச் சேர்ந்ததே. எனினும் ஊர்வனவற்றிடமிருந்து வருபவை வேறு வகைகள். டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு இவற்றிலிருந்து காப்பு இல்லை.

தொடாமல் இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகர விலங்குக் காட்சிச்சாலையில் கொமோடோ உடும்புகளைக் காணச் சென்ற குழந்தைகள் பலர் சால்மோனெல்லா நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் எவரும் உடும்பைத் தொட்டவர் அல்லர். அடைப்பைச் சூழ்ந்திருந்த மரத்தடுப்பைத் தொட்டவர்கள். உடும்பின் கால்களில் ஒட்டிய கிருமி தடுப்பில் ஏறி, அங்கிருந்து பிஞ்சுக் கைகளுக்கும் வாய்க்கும் சென்றது. காட்சிச்சாலையிலேயே கை கழுவிய குழந்தைகளை நோய் பெரும்பாலும் அணுகவில்லை என்பது அந்த ஆய்வின் மற்றொரு முடிவு. வீட்டில் மரத்தடுப்பின் இடத்தில் இருப்பவை கூண்டின் கதவு, குழாயின் திருகு, வளர்ப்பவரின் சட்டை, கைப்பேசி ஆகியவை. பச்சோந்தியை ஒருபோதும் பார்த்திராத கைக்குழந்தைக்கும், வளர்ப்பவர் தூக்கிக் கொஞ்சுவதால் நோய் வரலாம். சிறுவர்கள் ஆமைக்குட்டிகளை வாயில் வைத்து விளையாடி நோயுற்றதனால், 10 சென்டிமீட்டருக்கும் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதை அமெரிக்க அரசு 1975இல் தடைசெய்தது. அத்தடை இன்றும் நடப்பில் இருக்கிறது.

உடல்நலம் உள்ள பெரியவர் ஒருவருக்கு இந்நோய் வந்தால், கிருமி புகுந்த ஆறு மணி நேரம் முதல் ஆறு நாட்களுக்குள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வயிற்றுவலியும் தோன்றி, ஒரு வாரத்தில் பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும். பச்சோந்தி வளர்ப்பவர்கள் இதனை அச்சமின்றிப் பேசுவதற்கு இதுவே காரணம். தம்மைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது பிழையன்று. ஆனால் கீமோதெரபி பெறுபவர், சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றப்பட்டவர், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர், எச்.ஐ.வி. தொற்றுடையவர், மண்ணீரல் அகற்றப்பட்டவர் ஆகியோருக்கு அது குடலோடு நிற்பதில்லை. குருதியில் கலந்து, எலும்பையும் மூட்டையும் மூளையுறையையும் தாக்கக் கூடும். அரிவாளணுச் சோகை உள்ள குழந்தைகளிடம் எலும்புத் தொற்றாக வெளிப்படுவதை மருத்துவர்கள் நன்கறிவர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், 65 வயதைக் கடந்த முதியோர் ஆகியோரும் எச்சரிக்கைக்குரியவர்களே. வயிற்றமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்பவர், கிருமியைத் தடுக்கும் முதல் அரணையே ஓரளவு இழந்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, காலக்கணக்கைப் பாருங்கள். இன்று இட்ட முட்டை பொரிய ஆறு முதல் ஒன்பது மாதங்கள். குஞ்சுகளைப் பிறரிடம் ஒப்படைக்கும் அளவுக்கு வளர்க்க மேலும் இரண்டு மூன்று மாதங்கள். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றல் மிகவும் தாழ்ந்திருக்கும் முதல் ஆண்டும் ஏறக்குறைய அதே அளவினது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையோ இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீள்கிறது. தாத்தா அறுவைக்குப் பின் வீடு திரும்பும் வாரத்தில் பேரனின் பெட்டியில் நாற்பது முட்டைகள் பொரியக் காத்திருக்குமாயின், இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க முடியாது. இணைசேர்ப்பதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது.

எங்கள் பரிந்துரை இதுவே: மேற்கூறிய நிலையில் ஒருவர் உள்ள வீட்டில் பச்சோந்தியைப் புதிதாக வாங்கவோ, இருப்பதை இனப்பெருக்கம் செய்ய வைக்கவோ வேண்டாம். ஏற்கெனவே இருப்பதைச் சிகிச்சை முடியும்வரை, சிறு குழந்தைகளோ நோயாளிகளோ இல்லாத உறவினர் அல்லது நண்பர் வீட்டுக்கு மாற்றுங்கள். சட்டப்படி தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்துவிடுங்கள். முட்டைப்பெட்டியையும் உடன் கொண்டுசெல்லலாம்; புரட்டாமலும் குலுக்காமலும் எடுத்துச் சென்றால் கெடாது. நோயுற்றவர் குழந்தையாகவும், பச்சோந்தி அக்குழந்தையின் உயிருக்குயிரான தோழனாகவும் இருந்தால் இப்பிரிவு எளிதன்று என்பதை அறிவோம். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். “உன்னால் அதற்கும், அதனால் உனக்கும் கோபமில்லை, மருந்து முடியும்வரை அது மாமா வீட்டில் இருக்கட்டும்” என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும். நாள்தோறும் காணொளி அழைப்பில் காட்டலாம். எக்காரணத்தாலும் தோட்டத்திலோ காட்டிலோ விட்டுவிடாதீர்கள். ஹவாய்த் தீவுகளிலும் புளோரிடாவிலும் இன்று ஏமன் பச்சோந்திகள் காட்டுயிராகப் பெருகியிருப்பதற்கு வளர்ப்பிடங்களிலிருந்து வெளியேறியவையே காரணம்.

உடனே மாற்ற இயலாத குடும்பங்கள், மாற்றும் நாள்வரை சில ஒழுங்குகளைக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். கூண்டு நோயாளியின் அறையிலும் சமையலறையிலும் இருத்தலாகாது. அதைக் கையாள்பவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும். அவர் நோயாளிக்கு உணவு சமைப்பவராகவோ, மருந்து கொடுப்பவராகவோ இருக்கக் கூடாது. கூண்டின் பொருள்களைச் சமையலறைத் தொட்டியிலும் குழந்தை குளிக்கும் தொட்டியிலும் கழுவாதீர்கள். வீட்டுக்கு வெளியே கழுவி, நீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். முதலில் சோப்பினால் அழுக்கை அகற்றிய பின்னரே கிருமிநாசினி பயன்தரும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச்சிங் கரைசல் வலுவிழந்துவிடும். இரைப் புழுக்களின் டப்பாக்களைக் குளிர்பதனப் பெட்டியில் உணவோடு வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை இன்றே கைவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஓடும் நீரில் சோப்பிட்டு 20 நொடிகள் கை கழுவ வேண்டும். கையில் தடவும் திரவம் சோப்பு கிடைக்காத இடத்துக்கு மட்டுமே.

“எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பல்லி விழுந்த உணவு நஞ்சாகிவிடும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. பல்லியிடம் நஞ்சு இல்லை. ஆனால் அதன் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம். உணவையும் குடிநீரையும் மூடி வையுங்கள்; பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுங்கள். காரணம் வேறானாலும் பாட்டி சொன்ன வழக்கம் சரியானதே.

வீட்டில் ஊர்வன உள்ள நிலையில் நோயாளிக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ தோன்றினால், வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் தாழ்த்தாதீர்கள். கீமோதெரபி பெறுபவருக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மலத்தில் குருதி, தொடர்ந்த வாந்தி, எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாமை, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தல் ஆகியவையும் உடனே வர வேண்டிய அறிகுறிகள். வழியில் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சிறுநீரக, இதய நோயாளிகள் அருந்த வேண்டிய அளவைத் தொலைபேசியில் கேட்டறிந்து கொடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளையும், மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளையும் தாமாகக் கொடுக்க வேண்டாம். மருத்துவரைக் கண்டதும், “எங்கள் வீட்டில் பச்சோந்தி இருக்கிறது” என்பதையும், அதைக் கடைசியாக யார், எப்போது கையாண்டார் என்பதையும் கேளாமலே சொல்லுங்கள். எந்தச் சோதனையை முதலில் செய்வது என்பதை அச்செய்தி மாற்றக்கூடும்.