கூலி 'தன்னு', கூலி 'கொடுத்து'

போடிநாயக்கனூரிலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காதில் அடிக்கடி விழும் ஒரு வினைச்சொல்லைப் பற்றிய குறிப்பு இது. கூலி சம்பந்தப்பட்டது, அதனால் லேசாக விட முடியாது.

'கூலி குடுத்தாங்க' என்பது நம்ம ஊர்த் தமிழ். கொடுத்தது யார் என்பதை விகுதி காட்டிவிடுகிறது. யாருக்கு என்பது அந்தச் சொல்லில் இல்லை. மலையாளம் இதற்குத் தலைகீழ். 'கூலி தன்னு' என்றால் எனக்கோ உனக்கோ வந்தது. 'கூலி கொடுத்து' என்றால் வேறொருவருக்குப் போனது. கொடுத்தது நானா அவரா என்று வினை சொல்லாது; ஆன், ஆள் விகுதிகளை மலையாளம் எப்போதோ உதறிவிட்டது. (வந்து 'வன்னு' ஆன மாதிரிதான் தந்து 'தன்னு' ஆனதும்.) ஆக, கணக்குப் பார்க்கிறவர் 'தன்னு' என்று சொன்னால் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. வரலைன்னா அங்கேயே கேட்டுடணும்.

இன்னொரு வில்லங்கம்: 'கொடுத்து' என்று அவர் வாக்கியத்தை முடித்துவிடுவார். நமக்கு அது வினையெச்சம். கொடுத்து... அப்புறம்? என்று காத்திருப்போம். அவர்களுக்குக் குழப்பமே இல்லை; உதடு குவித்து முழு உகரமாக முடித்தால் முற்று, குறுக்கினால் எச்சம்.

தா, வா இரண்டும் தன்மை முன்னிலைக்கு, செல், கொடு படர்க்கைக்கு என்பது தொல்காப்பிய விதி. மலையாளம் அதை இன்னும் விடவில்லை. நம் பேச்சில் 'நாளைக்குத் தர்றேன்' மிச்சமிருக்கிறது. ஆனாலும் 'எனக்குக் குடு' யாருக்கும் உறுத்துவதில்லை.

லத்தீன் பிள்ளைகளிடமும் இதே கதை உண்டு. கொடுப்பதற்கு அங்கே 'தாரே'. இத்தாலியத்தில் அப்படியே தாரே, ஸ்பானியத்திலும் போர்ச்சுக்கீசியத்திலும் தார். பிரெஞ்சோ அதைக் கைவிட்டு, பரிசளிப்பதைக் குறித்த 'தோனாரே'யிலிருந்து 'தொன்னே'யை எடுத்துக்கொண்டது. தாரே, தா என்று ஒலி ஒத்திருக்கிறதே என்று துள்ள வேண்டாம். தாரே சமஸ்கிருத 'தான'த்துக்குச் சொந்தம். நம்முடையது வா, வரு, வந்தான் போலத் தா, தரு, தந்தான் என்று திரிகிற திராவிடச் சொல்.

போடி, கம்பம் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கன்னடத்தில் 'தா' என்றால் கொண்டு வா, கொடுக்க 'கொடு'தான். தெலுங்கிலும் 'தே' என்றால் கொண்டு வா. கொடுக்க நம் பழைய 'ஈ'யின் உறவான 'இச்சு'. இச்சாடு என்றால் கொடுத்தான்.

ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பியம் கேட்கிறவரின் தரத்தை வைத்தும் பிரிக்கிறது: தாழ்ந்தவர் ஈ என்பார், ஒத்தவர் தா என்பார், உயர்ந்தவர் கொடு என்பார். அந்தக் கணக்கில், சாயங்காலம் 'கூலியைக் குடுங்க' என்று கேட்கிறவர்தான் உயர்ந்தவர். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.