தடைக்காலத்தில் பெயிண்ட் அடிச்சா மட்டும் போதுமா? படகு வயரிங்கை நீங்களே சரிபார்ப்பது எப்படி?

நடுக்கடல். ராத்திரி 2 மணி. தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் உங்கள் படகை நோக்கி வருகிறது. படகில் விளக்கு இருக்கு, ஆனா எரியல. வாக்கிடாக்கியும் பேசல. பேட்டரி போன மாசம்தான் வாங்கினது. அப்போ பிரச்னை எங்கே? பல நேரங்களில், பச்சை பூத்துப்போன ஒரே ஒரு வயர் முனையில்தான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், கன்னியாகுமரியின் மேற்குக் கடல் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னுவது, பெயிண்ட் அடிப்பது என கரையில் வேலை நடக்கும் இந்த நாட்களில், வயரிங்கையும் ஒரு கை பார்த்துவிடுவது நல்லது.

வீட்டு வயர் ஏன் கடலில் தாங்காது?

செம்பும் உப்பு ஈரமும் சேர்ந்தால் களிம்பு பிடிக்கும். வயரின் முனையில் ஆரம்பித்து, பிளாஸ்டிக் உறைக்கு உள்ளேயே அது ஏறிக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் வயர் புதுசு மாதிரிதான் தெரியும். அதனால், வெள்ளீயம் பூசிய, பல இழை உள்ள செம்பு வயர்தான் படகுக்குச் சரி. கடையில் 'டின்டு காப்பர்' என்று கேளுங்கள். ஒற்றைக் கம்பி வயர் வேண்டவே வேண்டாம். அலையின் அதிர்விலும், டிராக்டர் கட்டி மணலில் இழுக்கும்போதும் அது முறிந்துவிடும்.

வயர் மெலிசா இருந்தா என்ன ஆகும்?

ஒரு சின்ன கணக்கு. பேட்டரியில் இருந்து 6 மீட்டர் தள்ளி ஒரு சர்ச் லைட். போக, வர மொத்தம் 12 மீட்டர் வயர். லைட் 10 ஆம்பியர் இழுக்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட்டில் இது பெரிய இழப்பு. அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான்.

ப்யூஸ் எங்கே இருக்கணும்?

ப்யூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, வயரை. பேட்டரியின் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். அதற்கு அப்பால் உறை தேய்ந்து ஷார்ட் ஆனாலும் ப்யூஸ் போய்விடும், படகு தப்பிக்கும். ப்யூஸ் போனால் அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுகிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். பேட்டரி சில நொடிகளில் பல நூறு ஆம்பியர் தள்ளும். டீசல், பெட்ரோல் இருக்கும் ஃபைபர் படகில் தீப்பிடிக்க அது போதும்.

நீங்களே செய்யக்கூடியவை

* முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. பேட்டரிப் பெட்டியைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கக்கூடியது. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

* மல்டிமீட்டரால் பாருங்கள். இன்ஜின் நிறுத்தி சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி.

* விளக்கை எரியவிட்டு, பேட்டரியிலும் விளக்கு முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால், வயர் மெலிசு அல்லது ஏதோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது.

* பச்சை பிடித்த முனையைச் சுரண்டி ஒட்டாதீர்கள். பளபளவென செம்பு தெரியும்வரை வெட்டி, லக் போட்டு அழுத்தி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றினால், டேப் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

* இன்ஜினில் உள்ள துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. முக்கியமா, அதன் மேல் பெயிண்ட் அடிக்காதீங்க. அடித்தால் அது வேலையே செய்யாது.

எந்த விளக்கு எந்தப் பக்கம்?

இடதுபுறம் சிவப்பு, வலதுபுறம் பச்சை. 12 மீட்டருக்குக் குறைவான படகுக்கு இவற்றோடு, எல்லாப் பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு போதும் என்கிறது சர்வதேச கடல் விதி. வலை வீசித் தொழில் செய்யும்போது மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இழுவலை என்றால் மேலே பச்சை, கீழே வெள்ளை. எதிரே வரும் கப்பலில் இருப்பவர் இந்த நிறங்களை வைத்துத்தான் நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கணிக்கிறார். சிவப்பும் பச்சையும் இடம் மாறினால், அவர் தப்பான பக்கம் திருப்புவார்.

எதை மெக்கானிக்கிடம் விடணும்?

ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், 230 வோல்ட் இன்வெர்ட்டர் இவற்றில் கை வைக்க வேண்டாம்.

கடலுக்குப் போகும் முந்தின நாள், இருட்டிய பிறகு எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, கரையில் நூறு அடி தள்ளி நின்று பாருங்கள். வாக்கிடாக்கியில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. ஆனா, நடுக்கடலில் போனுக்கு சிக்னல் இருக்காது. அங்கே உங்கள் குரலைக் கரைக்குக் கொண்டு சேர்ப்பது அந்த வயர்தான்.