மௌனத்திற்கு ஒரு கெடு



பள்ளிக்கு ஒருநாள் வராத மாணவனின் பெயரை நாம் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவதில்லை. வாரக்கணக்கில் வராதிருந்தால் அடிக்காமலும் விடுவதில்லை. எத்தனை நாள் பொறுப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. கணினி வலையமைப்பிலும் இத்தகைய கணக்கு ஒன்று இருக்கிறது.

கணினிகளை இணைக்கும் 'ஸ்விட்ச்' என்னும் கருவிகள் கம்பிகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் அண்டைக் கருவி எது என்பதை அறிதல் வேண்டும். இதற்கென ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் 2005-ஆம் ஆண்டில் எல்.எல்.டி.பி. என்ற நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கருவியும், "நான் இன்னார், இச்செய்தியை இத்தனை விநாடி மெய்யெனக் கொள்க" என்று அறிவித்துக்கொண்டேயிருக்கும். வழக்கமான இடைவெளி 30 விநாடி. அதனை 4 ஆல் பெருக்கிவரும் 120 விநாடி, செய்தியின் ஆயுள். அதற்குள் மறுசெய்தி வந்தால் ஆயுள் புதுப்பிக்கப்படும். வாராவிடில் பெயர் நீக்கப்படும்.

நான்கு மடங்கு எதற்கு? வழியில் ஓரிரு செய்திகள் தவறினும் பெயர் நிலைத்திருப்பதற்கு.

முறையாக நிறுத்தப்படும் கருவி, ஆயுள் 0 எனக் குறித்த செய்தியை அனுப்பி விடைபெறும். மின்சாரம் திடீரென நின்றால் விடைபெற அவகாசம் ஏது? அப்பொழுது மௌனத்தைக் கொண்டே முடிவு செய்யவேண்டும்.

சில கருவிகளில் இடைவெளியையும் ஆயுளையும் தனித்தனியே அமைக்கலாம். ஒருவர் இடைவெளியை 180 விநாடியாக உயர்த்தி, ஆயுளை 120 ஆகவே விட்டுவிட்டார் எனக் கொள்வோம். நன்றாய் இயங்கும் அண்டைக் கருவி ஒவ்வொரு சுற்றிலும் 60 விநாடி மறைந்து மறைந்து தோன்றும். பொய்யெச்சரிக்கைகள் பெருகும், பின்னர் மெய்யான எச்சரிக்கையையும் எவரும் பொருட்படுத்தார். மாறாக, ஆயுளை 3600 விநாடியாக்கினால், மின்சாரமின்றி அணைந்த கருவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் பட்டியலில் உயிரோடிருக்கும். நள்ளிரவில் பழுது பார்க்க வந்தவர் அப்பட்டியலை நம்பிப் பிழையான கம்பியைப் பிடுங்கவும் கூடும்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆயுளைக் குறிப்பவர் செய்தியை அனுப்புபவரே, பெறுபவர் அல்லர். எனவே குறை தென்படுவது ஒரு கருவியில். திருத்தவேண்டியது அதன் அண்டைக் கருவியில்.

ஆதலின், இடைவெளியை மாற்றும்பொழுதெல்லாம் ஆயுளையும் உடன் நோக்குக. மூன்று நான்கு மடங்கேனும் இருக்கட்டும். மௌனம் எல்லாம் மறைவு அன்று. ஆயினும் முடிவின்றிக் காத்திருத்தலும் முறை அன்று.