மருந்துக் காத்தை மறிக்கும் உயிர்வேலி

எங்க தோட்டத்துக்கு மேற்கே மக்காச்சோளக் காடு. நடுவுல ஒரு வரப்பு, அவ்வளவுதான். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிறப்ப, படைப்புழுவுக்குன்னு அங்கே அடிக்கிற மருந்து எங்க வீட்டு வாசல் வரைக்கும் வீசும். நாங்கள் ரசாயனத்தை விட்டு மூன்று வருஷம் ஆகியும், மேற்கு ஓரத்து நாலு வரிசைக் கத்திரியை ‘இயற்கைக் கத்திரி’ன்னு சொல்லி விற்க மனசு வரவில்லை.

கம்பிவேலி ஆடு மாட்டை நிறுத்தும், காற்றை நிறுத்தாது. மதில் எழுப்பினாலோ, மோதிய காற்று மேலே ஏறி அந்தாண்ட சுழன்று விழும். பாதிக் காற்றை உள்ளே விட்டு, பாதியை மட்டுப்படுத்துகிற பச்சை வேலிதான் நமக்குச் சரி. அது தன் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கும். 12 அடி வேலி இருந்தால் 100 அடிக்கு மேல் பலன் உண்டு.

அவசரத்தில் செய்த தப்பு

சீக்கிரம் வளர வேண்டும் என்று முதலில் அகத்தியை மட்டும் விதைத்தோம். எட்டே மாசத்தில் ஆளை மறைத்தது. ஆனால் அடுத்த ஆடிக் காத்துக்கு மூன்றில் ஒன்று சாய்ந்துவிட்டது. அகத்திக்கு வேர் ஆழம் போதாது; ஆயுசும் குறைவு. வேகமாக வளர்வது வேகமாகவே போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்று அடுக்கு

இப்போது மூன்று வரிசையாக வைத்திருக்கிறோம்.

வெளி வரிசை: முள்கிளுவை. கொறங்காடுகளைச் சுற்றி நம்ம பாட்டன் பூட்டன் வைத்த அதே வேலி. நாலடிப் போத்தாக வெட்டி, ஒரு வாரம் நிழலில் சாய்த்து வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் ஓரடி ஆழத்தில் நட்டோம். போத்துக்குப் போத்து ஓரடி. மெதுவாகத்தான் வரும், ஆனால் தலைமுறைக்கும் நிற்கும்.

நடு வரிசை: கிளைரிசிடியா. கட்டைவிரலை விடத் தடித்த மூன்றடிக் குச்சி, இரண்டடி இடைவெளி. அடிப்பக்கம் சாய்வாக வெட்டி நட வேண்டும். இடையிடையே நொச்சியும் ஆடாதொடையும். இரண்டையும் ஆடு கடிக்காது, அடிப்பக்க இடைவெளியையும் அடைத்துவிடும்.

உள் வரிசை: அகத்தி. மற்றது வளரும் வரைக்கும் இதுதான் மறைப்பு. மூன்றாம் வருஷம் அகத்தி போகும்போது கிளைரிசிடியா அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சவுண்டல் வேகமாக வரும். ஆனால் காய் முற்ற விட்டால் விதை கொட்டித் தோட்டமெல்லாம் முளைக்கும். வேலிகாத்தான் பக்கமே போகாதீர்கள்.

பராமரிப்பு

புரட்டாசியில் சால் பறித்து, தொழுவுரம் போட்டு மூடி, ஐப்பசி மழைக்கு நட்டுவிடுங்கள். முதல் கோடையில் வாரம் ஒரு தண்ணீர், சுற்றிலும் மூடாக்கு. இதில் கஞ்சத்தனம் பண்ணினால் பாதி பட்டுப்போகும். ஒரு வருஷம் கழித்து கிளைரிசிடியாவை மூன்றடி உயரத்தில் கவாத்து செய்யுங்கள், அடியிலிருந்து கிளைக்கும். அதன்பின் ஒன்று விட்டு ஒன்றாக வெட்டுங்கள். ஒரே நாளில் மொத்தமும் வெட்டினால் அன்றைக்கு வேலியே இல்லை. அகத்தியை மொட்டையடிக்கக் கூடாது, செத்துவிடும். வேலிக்கும் பயிருக்கும் நடுவே இரண்டடி ஆழத்தில் பள்ளம் எடுத்தால் வேர் பயிருக்குள் வராது, மழைத்தண்ணியும் நிற்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வேலி மருந்தைத் தடுக்கிறது என்றால், அந்த மருந்து வேலி இலையில்தான் இருக்கிறது. பக்கத்தில் மருந்து அடிக்கிற பருவத்தில் அந்த அகத்தியைச் சமைக்காதீர்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள். வேலியை ஒட்டிய பத்தடியில் நாங்கள் உண்கிற பொருள் எதுவும் வைப்பதில்லை; ஆமணக்குதான். இயற்கைச் சான்றுக்கு ஆய்வு செய்ய வருகிறவர்களும் பக்கத்துக் காட்டிலிருந்து என்ன வருகிறது, என்ன தடுப்பு என்று கேட்பார்கள்.

வேலி சண்டையாகக் கூடாது

போத்து நட்ட அன்றைக்கே பக்கத்துக் காட்டுக்காரர் வந்துவிட்டார். “ஏனுங்க தம்பி, மரம் ஒசந்தா காலங்காத்தால வெயிலு எம்பட சோளத்து மேல விழுகாதுங்களே?” அவர் கேட்டது நியாயம். “சரிங்க மாமா” என்று போத்தைப் பிடுங்கி, எல்லையிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளி நட்டோம். 12 அடிக்கு மேல் வளர விடமாட்டோம் என்றும் சொன்னோம். ஐந்தடி நிலம் போனது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கப்புறம் அவர் மருந்து அடிக்கிற முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடுகிறார். காத்து எழும்பும் முன் விடியக்காலையிலேயே அடித்து முடிக்கிறார். வேலி பாதிக் காற்றைத் தடுத்தது என்றால், மீதியைத் தடுத்தது அந்தப் பேச்சுதான்.

புரட்டாசிக்குள் போத்து எங்கே கிடைக்கும் என்று பார்த்து வையுங்கள். வெட்டுவதற்கு முன்னால் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.