தாத்தா, ஆயா தரும் சீர்

பேரன் என்ற சொல்லுக்குள்ளேயே தாத்தாவின் முதல் பரிசு இருக்கிறது. 'பெயரன்' என்பதுதான் பேச்சில் தேய்ந்து பேரன் ஆயிற்று. 'பெயர்த்தி' பேத்தி ஆனாள். மூத்தவரின் பெயரைத் தாங்குபவர் என்பது பொருள். இன்று பிறப்புச் சான்றிதழில் முழுப் பெயராக முனுசாமியோ தனலட்சுமியோ ஏறுவது குறைவுதான். ஆனாலும் பல வீடுகளில் தொட்டிலில் இடும் நாளில் குழந்தையின் காதில் பெரியவரின் பெயரை முதலில் சொல்லிவிட்டே புதுப்பெயரைச் சொல்கிறார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகரில் அந்தப் பெரியவரை அழைக்கும் சொல்லே வீட்டுக்கு வீடு மாறும். டிஐ சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கியது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. வேலை தேடிப் பல மாவட்டத்தாரும் வந்து குடியேறினார்கள். அதனால் ஒரே தெருவில் உள்ளூர்க்காரர் வீட்டில் ஆயா, மதுரைக்காரர் வீட்டில் அப்பத்தா, தெலுங்கு பேசும் வீட்டில் அவ்வா என்று குரல் கேட்கும். வருமானமும் ஒன்றுபோல் இல்லை. மத்திய அரசு ஆலையில் பணி முடித்தவர்களில் பலருக்கு அரசு ஓய்வூதியம் வருகிறது. பேட்டையின் தனியார் பட்டறைகளில் உழைத்தவர்களுக்கு வருவது 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் தொகை. அதன் குறைந்தபட்ச அளவு 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். அப்பா வழித் தாத்தாவும் அம்மா வழித் தாத்தாவும் இந்த இரு பக்கங்களிலும் நிற்கும்போது, சீர்வரிசைத் தட்டுகளை எண்ணிப் பார்ப்பது வருத்தத்தில்தான் முடியும். சம்பந்திகள் இருவரும் முன்கூட்டியே பேசி, ஒருவர் கொலுசு, ஒருவர் துணிமணி என்று பிரித்துக்கொள்ளும் வீடுகளில் குழந்தைக்கும் நிறைவு, பெரியவர்களுக்கும் மானம்.

பிறந்த குழந்தைக்கு வழக்கமாகக் கொடுப்பவை வெள்ளி அரைஞாண், காப்பு, கொலுசு, பாலாடை, காதுகுத்துக்குத் தங்கத் தோடு. அரைஞாண் இறுகுகிறதா தளர்கிறதா என்று பார்த்தே குழந்தை உடம்பு தேறுவதை அந்தக் காலத்தில் கணித்தார்கள். பாலாடைக்கு இன்றும் வேலை இருக்கிறது: தாயிடம் நேரடியாகப் பால் குடிக்க இயலாத குறைமாதக் குழந்தைக்கு, கறந்தெடுத்த தாய்ப்பாலை மருத்துவமனைகளில் பாலாடையால்தான் புகட்டுகிறார்கள். கொலுசிலும் காப்பிலும் முத்து, சலங்கை உதிராதபடி இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். உதிர்ந்தது நேரே வாய்க்குத்தான் போகும். பெரியவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு பச்சிளங்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

தங்கம் வாங்கும்போது பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 2021 ஜூன் முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இருக்க வேண்டும். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. குழந்தைத் தோடும் மோதிரமும் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வருகின்றன. ஆகவே பில்லில் எடையும் தரமும் தெளிவாக எழுதி வாங்குவதே அங்கே பாதுகாப்பு. சேமிப்பாகத்தான் கொடுக்கிறோம் என்றால் நாணயம் மேல். நகைக்குப் போடும் அளவு செய்கூலி, சேதாரம் அதற்கு இராது. குழந்தை வளர்ந்ததும் அழித்துச் செய்யவும் எளிது.

நடக்கத் தொடங்கும் பருவத்துக்கு மூன்று சக்கர மர நடைவண்டியைப் போன்ற பரிசு வேறில்லை. குழந்தையை நடுவில் உட்காரவைத்து உருண்டோடும் வட்டமான 'வாக்கர்' வேறு, இது வேறு. வாக்கரில் குழந்தை தன் எடையைத் தானே தாங்குவதில்லை. படியில் உருளும் ஆபத்தும் உண்டு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று, தன் வேகத்தில் தள்ளுகிறது. மரப்பாச்சி, செப்புச் சாமான், தாயக்கட்டை என்று நம் பழைய விளையாட்டுப் பொருள்கள் இன்னும் வழக்கில் இருக்கின்றன. ஏழேழாக இரு வரிசையில் பதினான்கு குழி கொண்ட பல்லாங்குழிப் பலகை ஐந்து வயதுக்குமேல் கணக்கைக் கையாலேயே பழக்கும். அதிலும் பெரிய நன்மை, எதிரே ஆயா உட்கார்ந்தால்தான் ஆட்டம் நடக்கும் என்பது. ஆட்டத்துக்கான புளியங்கொட்டையை வாயில் போடும் வயதில் மட்டும் அதை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கடையில் வாங்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையில்லாத பிளாஸ்டிக் பொம்மையைத் தவிர்ப்பதே நல்லது. பட்டன் பேட்டரி போட்ட பொம்மையில் அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுங்கிய பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கைப்பேசியும் டேபும் பெற்றோரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாத பரிசுகள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. பெற்றோர் போட்ட கட்டுப்பாட்டைத் தாத்தாவின் பரிசு உடைத்தால், கஷ்டம் குழந்தைக்குத்தான்.

இந்தப் பகுதிக்கே உரிய பரிசு சைக்கிள். டிஐ நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகள் நாடெங்கும் ஓடின; அவற்றை வார்த்த, பூட்டிய கைகளில் பல இன்று தாத்தாக்களின் கைகள். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது குழந்தைக்கென்று தனி சைக்கிள் வாங்கப் பெரும்பாலான வீடுகளில் வழியில்லை. அப்பாவின் பெரிய வண்டியின் பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பைக் கோணி 'குரங்குப் பெடல்' போட்டே கற்றார்கள். அந்த நினைவாலோ என்னவோ, 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். சைக்கிளில் அது தவறு. சீட்டில் உட்கார்ந்தால் கால்விரல்களாவது தரையைத் தொட வேண்டும்; பிரேக் பிடியைப் பிஞ்சு விரல் எட்ட வேண்டும். பொதுவாக மூன்று வயதுக்கு 12 அங்குலச் சக்கரம், ஐந்து வயதுக்கு 16, ஏழு எட்டு வயதுக்கு 20, பத்துக்குமேல் 24 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வயதைவிடக் கால் நீளமே சரியான அளவுகோல். பிள்ளையைக் கடைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பக்கச் சக்கரம் மாட்டிக் கற்ற பிள்ளை, அதைக் கழற்றியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பெடல்களைக் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ்த்தி, காலால் உந்தி உந்தி ஓடவிட்டால் சமநிலை சில நாளில் பிடிபடும். பிறகு பெடலை மாட்டினால் போதும். ஒரு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த தாத்தாவுக்கு இது பத்து நிமிட வேலை. இடத் தேர்வும் பரிசின் பகுதியே. சி.டி.எச். சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் லாரிகள் ஓயாது ஓடும். காலை வெயிலுக்கு முன் உள்தெருவில், தாத்தா பின்னால் வர, ஹெல்மெட் போட்டு ஓட்டப் பழக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பில் அரசே விலையில்லாச் சைக்கிள் தருகிறது. அந்தச் சமயத்தில் வேறொன்று வாங்குவது பணத்தை முடக்குவது.

சைக்கிளோடு ஒரு சிறு கருவிப்பெட்டியையும் சேர்த்துத் தருவது இந்த வட்டாரத்துத் தாத்தாக்களுக்கு மிகப் பொருத்தம். பத்து வயதுக்குமேல் ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர் செட், இஞ்ச் டேப் போதும். செயின் கழன்றால் மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது, பிரேக் கட்டை தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது எல்லாம் ஒரு விடுமுறையில் கைவரும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூல் அளவீட்டில்தான் தொடங்குகிறது. வெர்னியர் அளவி, திருகு அளவி இரண்டும் அதில் வருகின்றன. வகுப்பில் படமாகப் பார்ப்பதை, லேத்தில் முப்பது ஆண்டு நின்ற டர்னர் ஒருவர் தம் பழைய வெர்னியரைப் பேத்தியின் கையில் கொடுத்து, ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தை அளக்கச் சொன்னால் அந்தப் பாடம் மறக்குமா? வாங்க முடியாத பரிசுகளில் இது முதன்மையானது. ஆவடியில் ராணுவச் சீருடை தைத்தவர் தையல் எந்திரத்தில் நேர்க்கோடு ஓட்டக் கற்றுத்தருவதும் இதே வரிசை. விஜயந்தா டாங்கி 1965இல் ஆவடியில் உருவானபோது தாங்கள் என்ன வேலை செய்தோம் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் பேசப் பேசக் கைப்பேசியில் பதிந்து வைப்பது பேரப்பிள்ளைகளின் வேலை.

கூட்டிப்போவதும் பரிசுதான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு சென்றது. அன்று பிறந்த அந்த மேற்குப் பாதையில்தான் இன்று அம்பத்தூர், ஆவடி மின்ரயில்கள் ஓடுகின்றன. அதில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால், ஐசிஎஃப் வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம்.

புத்தகத்தில் தாத்தா பாட்டிக்கு ஒரு வசதி உண்டு: தாங்கள் பத்து வயதில் படித்ததையே கொடுக்கலாம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா நின்றுவிட்டது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் இன்னும் சிவகாசியிலிருந்து வருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டினால், மாதந்தோறும் பிள்ளையின் பெயருக்கே தபால் வரும். தன் பெயர் அச்சிட்ட உறையைப் பிரிக்கும் மகிழ்ச்சி தனி. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிறது. பொங்கல் காசு அப்போதுதான் கையில் இருக்கும். எதை வாங்குவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய விடுவது நல்லது.

பணமாகக் கொடுப்பதென்றால் விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து வயது நிறையாத பெண் குழந்தைக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015இல் வந்தது. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் 1,50,000 ரூபாய். பதினைந்து ஆண்டு கட்ட வேண்டும், கணக்குத் தொடங்கி 21 ஆண்டில் முதிரும். 2024 ஜனவரியில் வட்டி 8.2 விழுக்காடு ஆக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அதை மறுபரிசீலனை செய்யும். இந்தக் கணக்கைப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க முடியும். ஆசையாகத் தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி சொல்கிறது. ஆகவே பெற்றோர் கணக்கைத் தொடங்க, ஆண்டுதோறும் கட்டும் தொகையைப் பெரியவர் கொடுத்துவருவதே நேரான வழி. ஆண் குழந்தைக்கு அஞ்சலகத்தில் பொன்மகன் பொது வைப்பு நிதி இருக்கிறது. பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தானே கையாளலாம். மண் உண்டியலை உடைத்த அன்று கொண்டுபோய்த் தொடங்கிவைக்க ஏற்ற கணக்கு அது. தாத்தா பாட்டி கொடுக்கும் பணத்துக்கு, தொகை எவ்வளவானாலும், வாங்கும் பேரப்பிள்ளைக்கு வருமான வரி இல்லை. அந்தப் பணம் ஈட்டும் வட்டி மட்டும், பிள்ளை மைனராக இருக்கும்வரை, பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும்.

கடைசியாக, மனை. பணிக்காலத்தில் கடன் வாங்கி ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு போட்டுவைத்தவர்களின் நிலம் இன்று பெருமதிப்புக்கு ஏறிவிட்டது. அதைப் பேரப்பிள்ளை பெயருக்கு எழுதும் ஆசை பலருக்கும் உண்டு. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்தில் பேரப்பிள்ளைகளும் அடங்குவர். 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல, எழுதிப் பதிந்தால் எழுதியவர் தன் விருப்பத்துக்குத் திரும்பப் பெற முடியாது. பேரப்பிள்ளை மைனராக இருந்தால், பின்னாளில் படிப்புச் செலவுக்காக விற்கவும் நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது மீட்க வழிசெய்கிறது. மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனையையும், தாத்தா ஆயா இருவரும் ஆயுள் முழுவதும் அந்த மனையில் உள்ள வீட்டில் வாழும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுத்தில் சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.