‘நானோ’ என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுநோய்க் கட்டியை மட்டும் தேடிப் போய் அழிக்கும் என்று நானோ ஊசிகளைப் பற்றிச் சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை. கட்டிக்குள் அவசரமாக வளரும் ரத்தக்குழாய்களின் சுவரில் இடைவெளி அதிகம். சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழியில் மருந்தை அடைத்து அனுப்பினால், அந்த வழியே கசிந்து கட்டியில் தங்கும் என்பது கணக்கு. ஆனால் பத்தாண்டு விலங்கு ஆய்வுகளை 2016-ல் திரட்டிப் பார்த்தபோது, கட்டியைச் சென்று சேர்ந்தது பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. கல்லீரலும் மண்ணீரலும் நிறையப் பிடித்துக்கொள்கின்றன.

அதற்காக இவை வீண் மருந்துகள் அல்ல. அமெரிக்காவில் 1995-ல் அனுமதி பெற்ற, கொழுப்புக் குமிழியில் அடைத்த லைப்போசோமல் டாக்ஸோரூபிசின், சாதாரண டாக்ஸோரூபிசினைவிட இதயத்தைக் குறைவாகவே பாதிக்கிறது. ஆதாயம் அங்கேதான். பதிலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியலாம். ஊசி போட்ட சில நாட்களுக்கு வெந்நீரும் இறுக்கமான செருப்பும் வேண்டாம். மருந்து ஏறும்போதே முகம் சிவந்து மூச்சு முட்டினால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.

பெயர்க் குழப்பம் இதைவிட ஆபத்து. இரண்டு டாக்ஸோரூபிசினுமே சிவப்பு மருந்து; சாதாரணமானது தெளிவாக இருக்கும், குமிழி மருந்து சற்று மங்கலாக இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடவே கூடாது, அளவு வேறு. சீட்டிலும் குப்பியிலும் பில்லிலும் ‘லைப்போசோமல்’ என்று இருக்கிறதா பாருங்கள். பேட்ச் எண் இல்லாத பில்லை வாங்காதீர்கள். 2024-ல் டெல்லியில் பிடிபட்ட ஒரு கும்பல், விலையுயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளில் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்தை நிரப்பி விற்றது. லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, காலிக் குப்பி மறுபடி பயன்படாதபடி லேபிள்மேல் பேனாவால் கிறுக்கிவிடச் சொல்வதில் தப்பில்லை.

‘புது நானோ சிகிச்சை’ என்று யாராவது படிவத்தை நீட்டினால், இது அனுமதி பெற்ற மருந்தா, சோதனையா என்று கேளுங்கள். சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டு எண்ணை வாங்கி இணையத்தில் தேடிப் பாருங்கள், கட்டணம் இல்லை. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே ஒப்புதல் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதைக் காட்டி வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. சோதனையால் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

‘நானோ மஞ்சள் கேப்சூல் கட்டியைக் கரைக்கும்’ ரக விளம்பரங்கள் தனி வியாபாரம். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

மருந்தின் பக்கவிளைவை டாக்டர் மட்டுமல்ல, நோயாளியும் வீட்டாருமே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், பேட்ச் எண், ஊசி போட்ட தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.