சாம்பல் மலை அணிலும் நம் மாந்தோப்புகளும்

தென்காசி, குற்றாலம் பகுதிச் சங்கங்களுக்கு நாம் செல்லுங்கால், மலையடிவாரத் தோப்புகளில் தென்படும் பெரிய அணிலைப் பற்றி அங்கத்தினர் சிலர் வினவுவதுண்டு. அதனை மரநாய் என்பாரும் உளர். கீரி என்பாரும் உளர். இரண்டுமன்று, அது அணிலேயாகும். ஆயினும் நம் வீட்டு முற்றத்தில் ஓடும் வரி அணில் ஏறக்குறைய 100 கிராம் எடையே உள்ளது. மலை அணிலோ ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. மூக்கு முதல் வால் நுனி வரை இரண்டரை அடி இருக்கும்.

நம் மலைத்தொடரில் இப்பேரணில் இரு வகைப்படும். தென்மேற்குப் பருவமழை செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து நனைக்கும் குற்றால மலைக் காடுகளில் வாழ்வது, செம்பழுப்பும் கருமையும் கலந்த மலபார் மலை அணில். இதனைப் பலரும் அறிவர். அதிகம் அறியப்படாதது மற்றொன்று. குற்றாலத்திலிருந்து வடக்கே சென்று, சிவகிரியையும் கடந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளின் கிழக்குச் சரிவு வறண்டு காணப்படும். அங்கே ஓடைக்கரைகளை ஒட்டி மட்டும் மரங்கள் அடர்ந்து நிற்கும். அச்சோலைகளே சாம்பல் மலை அணிலின் இருப்பிடம்.

அதன் நிறத்தை நெசவாளருக்குச் சொல்லுதல் எளிது. சாம்பல் நூலின் நுனியில் மட்டும் வெண்மை படிந்தாற்போல அதன் வால் மயிர் நரைத்துத் தோன்றும். உச்சந்தலை கருத்தும், வயிறு வெளுத்தும் இருக்கும். உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி வேறெங்கும் இவ்வணில் இல்லை. 1769-இல் விஞ்ஞானிகள் இதற்குப் பெயரிட்டது இலங்கையில் கிடைத்ததைக் கொண்டே. சிங்கள மக்கள் இதனைத் தண்டு லேனா என்பர். நம் பக்கத்து வகையின் விஞ்ஞானப் பெயரிலும் அச்சொல்லே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டு மலைப் பிராணிக்குச் சிங்களப் பெயர் வாய்த்தது விந்தைதான்!

இதன் வாழ்க்கை முழுதும் மரத்தின் மீதே. பகலில் இரை தேடும், தனித்தே திரியும், தரையில் இறங்குவது அரிது. கிளைக்குக் கிளை தாவி, கனி, விதை, மரப்பட்டை ஆகியவற்றைத் தின்னும். சுள்ளிகளையும் இலைகளையும் கொண்டு உருண்டையான கூடு கட்டும். ஒரே அணிலுக்குப் பல கூடுகள் இருப்பதுண்டு. கூட்டுக்கு அது தேர்ந்தெடுப்பது தனித்து நிற்கும் மரத்தையன்று. அயல்மரக் கிளைகளோடு தழுவி நிற்கும் மரத்தையே. பருந்து முதலியவை பாய்ந்தால் தப்பியோட நாற்புறமும் வழி வேண்டுமல்லவா?

இங்கேதான் நம் அங்கத்தினரின் தொடர்பு வருகிறது. ஓடைக்கரைச் சோலை மலையடிவாரத்தில் முடியுமிடத்தில் தனியாரின் மா, புளி, தென்னந்தோப்புகள் தொடங்குகின்றன. அணிலுக்குச் சர்வே எல்லைக்கல் தெரியாது. கிளை தொடும் வரை எல்லாம் அதற்கு ஒரே காடு. பழைய மாந்தோப்பை வெட்டிவிட்டு வேறு பயிரிட்டால் நிலத்தில் இடைவெளி சில கஜந்தான். அணிலுக்கோ அது கடக்கவியலாத ஆறு. இருபுறமும் பிரிந்த அணில்கள் தம்முள் இணைசேர வழியின்றிச் சிறு கூட்டங்களாய் ஒடுங்கிவிடுகின்றன. ஈற்றுக்குப் பெரும்பாலும் ஓரிரண்டு குட்டிகளே ஈனும் பிராணி குறையத் தொடங்கினால் மீள்வது கடினம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவ்வணில் முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளது. அதனைக் கொல்வது கடுங்குற்றம். 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கெனவே சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. எனினும் காப்பகத்தின் எல்லைக்கு வெளியே நிற்கும் மாமரம் சரணாலயத்தின் சொத்தன்று, உரிமையாளரின் சொத்து.

பழத்தைக் கடித்துப் போடும் பிராணிக்கு ஏன் இடங்கொடுக்க வேண்டும் என்று கேட்போரின் குறை நியாயமானதே. வருஷக் குத்தகைக்கு மரம் எடுத்தவருக்கு ஒவ்வொரு காயும் காசு. ஆனால் இளநீரையும் தேங்காயையும் காப்பதற்குக் கல்லும் கண்ணியும் வேண்டியதில்லை. தென்னையின் அடிமரத்தில் தகரப் பட்டை கட்டுவது எலிக்கும், தரைவழி ஏறும் பிறவற்றிற்கும் உதவும்; மலை அணிலுக்கு உதவாது, ஏனெனில் அது அயல்மரக் கிளை வழியே வருவது. ஆகவே தென்னையின் மட்டையைத் தொடும் மாங்கிளையை மட்டும் கழித்துவிட்டு, ஓடையோரமாக நிற்கும் மா, புளி வரிசையின் கிளைகள் ஒன்றையொன்று தொடும்படி விட்டுவைத்தல் போதும்.

வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடப்பதற்காக மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டியிருக்கின்றனர். தோப்பின் ஓரத்தில் நாலு கிழமரங்களை வெட்டாது நிறுத்துவதற்கு அத்தகைய செலவு ஏதுமில்லை. தோப்பைத் திருத்தக் கடன் மனு எழுதும் அங்கத்தினர், வெட்டப்போகும் மரங்களைக் குறியிடுமுன் ஓடைப்பக்க வரிசையை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, உச்சிக்கிளைகளில் உருண்டைக் கூடு உண்டா எனக் கவனித்துக் கொள்வாராக.